காரைக்குடிக்கு ஒரு சொகுசு செடான்: ஒரே விலையா, பேரமா, பழசா?

எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது ரோடு டாக்ஸும் இன்சூரன்ஸும் சேர்வதற்கு முந்தைய விலை, 70 லட்சம் போட்டிருக்கும் ஒரு செடானை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன்பிருந்த செஸ் போய்விட்டது. ஆக, அந்த 70-இல் காரின் விலை 50 லட்சம், வரி 20 லட்சம். இந்த 70-இன் மேல் தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ் 20 சதவீதம், அதாவது 14 லட்சம். 2023 நவம்பரில் விகிதத்தை ஏற்றியதிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள எல்லாப் பெட்ரோல், டீசல் கார்களுக்கும் இதே கணக்குதான். வரிக்கும் சேர்த்து வரி. 50 லட்ச ரூபாய்ச் சாமானுக்கு அரசாங்கத்துக்கு மட்டும் 34 லட்சம் போகிறது.

நகைக்கடையில் தங்கத்தின் விலையை யாரும் பேசுவதில்லை. பேச்செல்லாம் செய்கூலி, சேதாரத்தில்தான். காரும் அப்படித்தான். டீலரின் லாபம், இன்சூரன்ஸ், கடன், பழைய காரின் மதிப்பு, கூடுதல் சாமான்கள், சர்வீஸ் பேக்கேஜ்: நம் கைக்கு எட்டும் இடம் இவ்வளவுதான். இதில் எது எந்தக் கம்பெனியில் எவ்வளவு அசையும் என்று பார்ப்பதே ஒப்பீடு.

செட்டிநாட்டில் அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளிடம் யோசனை கேட்டுவிட்டு ஷோரூமுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அங்கே கதை வேறு. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் கம்பெனியின் விலைச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். சிப் தட்டுப்பாடு வந்த 2021, 2022-இல் டீலர்கள் அந்தச் சீட்டுக்கு மேல் ‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று ஆயிரக்கணக்கான டாலரை வெளிப்படையாகவே ஏற்றினார்கள். அதனால் "ஸ்டிக்கர் விலைக்கே கிடைச்சா வாங்கிருங்கப்பா" என்று பிள்ளை சொல்லும். இங்கே எக்ஸ்-ஷோரூமுக்கு மேல் பில் போடுவது அரிது. ஏற்றுவது வேறு பெயர்களில் நடக்கும். ஸ்டிக்கர் விலைக்கு வாங்கிவிட்டோம் என்று திருப்தியோடு எழுந்து வருகிறவர்தான் டீலருக்குப் பிடித்த வாடிக்கையாளர்.

ஒரே விலை என்பது எதற்கு மட்டும்?

மெர்சிடிஸ்-பென்ஸ் இந்தியா 2021 அக்டோபரில் விற்பனை முறையையே மாற்றியது. காரின் ஸ்டாக் கம்பெனியுடையது. பில் கம்பெனியே நேரடியாக நம் பெயருக்குப் போடுகிறது. ஷோரூம்காரருக்குக் கமிஷன் மட்டும். மதுரையில் கேட்டாலும் சென்னையில் கேட்டாலும் மும்பையில் கேட்டாலும் காரின் விலை ஒன்றே. சலுகை வந்தாலும் எல்லாருக்கும் சேர்ந்தே வரும்.

பேரம் பேச வராதவர்களுக்கு இது பெரிய நிம்மதி. பக்கத்து வளவுக்காரர் நம்மைவிட மூன்று லட்சம் குறைத்து வாங்கினார் என்று கல்யாண வீட்டில் கேள்விப்பட்டு மனம் புழுங்க வேண்டாம். செட்டிநாட்டில் அந்தப் புழுக்கத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை இந்த ஊரில் கார் வாங்கியவர்கள் அறிவார்கள்.

ஆனால் ஒரே விலை என்ற பேச்சு எக்ஸ்-ஷோரூமோடு நின்றுவிடுகிறது. இன்சூரன்ஸ், கடன் வட்டி, பழைய காரை எடுத்துக்கொள்ளும் விலை, மேல் பூச்சுகள் எல்லாம் ஷோரூம்காரர் கையில்தான் இருக்கின்றன. காரின் விலையில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாதவர், மற்றவற்றில் தன் வருமானத்தைத் தேடுவது இயற்கை. முக்கியமாக எக்ஸ்சேஞ்ச். வீட்டில் நிற்கும் பழைய காரை வெளியே நான்கு பேரிடம் விலை கேட்டுவிட்டுப் போகாதவர், ஒரே விலை ஷோரூமிலும் லட்சக்கணக்கில் விட்டுவிட்டு வரலாம்.

பேசினால் இறங்கும் டீலர்

பிஎம்டபிள்யூ, ஆடி (Audi) இரண்டும் பழைய முறைப்படியே டீலர் மூலம் விற்கின்றன. டீலர் காரை வாங்கி நிறுத்துகிறார். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஓடுகிறது. வட்டிக் கணக்கை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. யார்டில் மூன்று மாதமாக நிற்கும் கார் அவருக்குச் சுமை. நேற்று லாரியில் இறங்கிய கார் அப்படி இல்லை. அதனால் "எவ்வளவு குறைப்பீங்க?" என்று ஆரம்பிக்காமல், "இந்தக் கலர்ல கையில எத்தனை வண்டி இருக்கு, எந்த மாசத் தயாரிப்பு?" என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு திசையில் போகும். கருப்பு வேண்டும், வெள்ளை வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிடி அவர் கைக்குப் போய்விடும். கலரில் விட்டுக்கொடுக்க முடிந்தவருக்குத்தான் விலையில் இறக்கம் கிடைக்கும்.

பிஎம்டபிள்யூவின் ஆலை செங்கல்பட்டு அருகே 2007-லிருந்து ஓடுகிறது. "நம்ம ஊர்லயே செய்யுற வண்டி, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். புன்னகை கிடைக்கும். வரியிலோ விலையிலோ அதனால் எந்தச் சலுகையும் இல்லை.

காரைக்குடியில் இந்தக் கம்பெனிகளுக்கு ஷோரூம் இல்லாதது ஒருவகையில் நல்லது. மதுரை சுமார் 90 கிலோமீட்டர், சென்னை 400-க்கு மேல். எந்த ஷோரூமுக்கும் நாம் கட்டுப்பட்டவர்கள் இல்லை. மதுரையில் ஒன்று, கோவை அல்லது சென்னையில் ஒன்று என்று இரண்டு கொட்டேஷன் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். தமிழ்நாட்டுக்குள் எங்கே வாங்கினாலும் டிஎன் 63 நம்பருக்குச் சிக்கல் இல்லை. ஆனால் சென்னைக் கொட்டேஷனைக் காட்டி மதுரையில் விலையை இறக்கி மதுரையில் வாங்குங்கள். 30,000 ரூபாய் மிச்சத்துக்காகச் சென்னையில் வாங்காதீர்கள். முதல் வாரத்தில் ஸ்கிரீனில் ஏதாவது எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தெரியும்.

நிலவரம் தெரிய ஒரு கணக்கு. 2024-இல் நீண்ட வீல்பேஸ் பிஎம்டபிள்யூ 530எல்ஐ 72.9 லட்சத்துக்கும், அதற்குப் போட்டியான மெர்சிடிஸ் இ 200 78.5 லட்சத்துக்கும் அறிமுகமாயின. ஜிஎஸ்டி மாறிய பிறகு இரண்டும் இறங்கின. அறிமுக வித்தியாசமே 5.6 லட்சம், அதன் மேல் 20 சதவீத ரோடு டாக்ஸ் வித்தியாசம் இன்னும் 1.12 லட்சம். ஒரு பக்கம் பேச முடியாத விலை, மறுபக்கம் பேசி இறக்கக்கூடிய விலை. பணத்தை மட்டும் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டின் பின்கட்டுத் தெருவில் திருப்ப முடியுமா என்று, டெஸ்ட் டிரைவ் காரைக் காரைக்குடிக்கே வரவழைத்துப் பார்த்துவிடுங்கள். இந்த விலைக் காருக்கு அனுப்பி வைப்பார்கள்.

கொட்டேஷன் காகிதத்தை ஐந்தொகை மாதிரி படியுங்கள்

மதுரையிலிருந்து வந்த ஒரு கொட்டேஷன் சமீபத்தில் என் மேசைக்கு வந்தது. என் பங்காளி ஒருவருக்காக. முதல் வரி எக்ஸ்-ஷோரூம். அதன் கீழே டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, 1 சதவீதம். பத்து லட்சத்துக்கு மேல் எந்தக் காருக்கும் இது உண்டு. வருமான வரிக் கணக்கில் நம் பான் எண்ணில் வரவாகிவிடும், கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். எனவே இதைச் செலவாகவே எண்ண வேண்டாம். பான் எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பில் நம் கம்பெனிப் பெயரில், பான் அப்பச்சி பெயரில் என்று குழப்பினால் ஆடிட்டர் ஒரு வருஷம் புலம்புவார்.

அடுத்தது ரோடு டாக்ஸ், பதிவுக் கட்டணம். அதற்கும் கீழேதான் விளையாட்டு. ‘லாஜிஸ்டிக்ஸ் அண்டு ஹேண்ட்லிங்’ என்று ஒரு தொகை. எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே கார் ஷோரூமுக்கு வந்து சேர்ந்த செலவு அடக்கம். இதைக் கட்டச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. பேனாவை எடுத்து அடித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பி வையுங்கள். பெரும்பாலும் மறுபேச்சு வராது. அதன் கீழே ‘எசென்ஷியல் கிட்’: தரைவிரிப்பு, மட்கார்ட், முதலுதவிப் பெட்டி, கூடவே ஒரு குடை. 70 லட்ச ரூபாய்க் காருக்கு மிதியடி தனி விலை. பிறகு செராமிக் கோட்டிங். வேண்டுமென்றால் வெளியே நல்ல கடையில் செய்துகொள்ளலாம். ஷோரூம் விலையையும் வெளி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு தானாக வரும்.

இன்சூரன்ஸ்தான் பெரிய மீன். புதுக் காருக்கு மூன்றாம் நபர் பாலிசி மூன்று வருஷத்துக்கு எடுக்க வேண்டும் என்பது 2018-லிருந்து கட்டாயம். 1500 சிசிக்கு மேல் இந்த மூன்று வருஷத் தொகை 24,596 ரூபாய் என்று 2022-இல் அரசு நிர்ணயித்தது. அதில் யாரும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மீதியெல்லாம் சொந்தச் சேதம், ஸீரோ டெப் (தேய்மானம் கழிக்காத இழப்பீடு), என்ஜின் காப்பு, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (கார் முழுதும் போனால் பில் விலையே கிடைப்பது) என்று ஏறும் தொகை. இதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஆனால் பேச்சு இப்படித்தான் நடக்கும்:

"சார், இன்சூரன்ஸ் நம்மகிட்ட எடுத்தாத்தான் இந்த டிஸ்கவுன்ட் வரும்."

"சரி தம்பி, அதை அப்படியே கொட்டேஷன்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எழுதித் தர மாட்டார். மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போவார். காபி வரும். திரும்பி வரும்போது இன்சூரன்ஸ் தொகை இறங்கியிருக்கும். வெளியே ஆன்லைனில் எடுத்த கொட்டேஷன் ஒன்று உங்கள் போனில் இருந்தால் இன்னும் இறங்கும். ஐடிவி, அதாவது காருக்குக் காப்பீட்டில் போடும் மதிப்பைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுக் காருக்கு அது விலையில் 5 சதவீதம் கழித்த அளவில் இருக்க வேண்டும். ஸீரோ டெப், என்ஜின் காப்பு இரண்டையும் நான் விடச் சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பிச் சாலைக்கு வரும் ஊர் நம்முடையது. செடானோ தரையோடு போகும் வண்டி.

கடனுக்கு வருவோம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-இல் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் திறந்தது. வட்டி பேசக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஊர் இது இல்லை. இருந்தும் ஷோரூம் மேசையில் ஏசி குளிரில் உட்கார்ந்து, நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். கடன் கொடுக்கும் நிறுவனத்திடமிருந்து டீலருக்குக் கமிஷன் உண்டு. 50 லட்சம், ஐந்து வருஷம், 9 சதவீதத்துக்குப் பதில் 9.5 என்றால் மாதத் தவணை சுமார் 1,200 ரூபாய்தான் கூடும், மொத்தத்தில் 73,000. தவணையை மட்டும் சொல்லிப் பேசுவது அதனால்தான்.

இன்னொன்று. தள்ளுபடியைப் பணமாக, பில்லில் கழித்துத்தான் கேட்க வேண்டும். ‘ரெண்டு லட்சத்துக்கு ஆக்சஸரீஸ் ஃப்ரீ’ என்பது டீலருக்கு இரண்டு லட்சம் செலவு இல்லை. பில்லிலேயே விலை இறங்கினால் ஜிஎஸ்டி இறங்கிய தொகைக்குத்தான், டிசிஎஸ்ஸும் அப்படியே. ரோடு டாக்ஸும் அந்த விலையின் மேல் போடப்பட்டால் நான்கு லட்சத் தள்ளுபடி 4.8 லட்சமாக வேலை செய்யும். எந்த விலையின் மேல் போடுகிறார்கள் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இலவசமாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது சர்வீஸ் பேக்கேஜ், அதுவும் காரைக்குடி வரை வந்து எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் வசதியோடு. வாயால் "அதெல்லாம் செஞ்சிருவோம் சார்" என்பார்கள். ஆர்டர் படிவத்தில் ஊர் பெயர் போட்டு எழுதி வாங்கவில்லை என்றால் இரண்டாம் வருஷம் அந்த விற்பனைப் பையனே வேலையில் இருக்க மாட்டான்.

ஆடி மாதமா, மார்கழியா?

டிசம்பரில் எல்லா ஷோரூமிலும் வருஷக் கடைசித் தள்ளுபடி. ஜனவரி பிறந்தால் காருக்கு ஒரு வயது கூடிவிடும் என்பதால் டீலருக்கு அவசரம். நமக்கோ அது மார்கழி. புதுக் காரை வீட்டுக்குக் கொண்டுவரப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். டிசம்பர் 31-க்குள் பில் போட்டு, காரைத் தை பிறந்த பிறகு எடுத்துப் பிள்ளையார்பட்டியில் பூஜை போடலாம் என்பது ஊரில் வழக்கமான சமாதானம். செய்யலாம். ஆனால் பில் போட்ட நாளிலிருந்து கார் நம்முடையது. யார்டில் கிடக்கும் இரண்டு வாரத்தில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்காமல் பில் போட விடாதீர்கள். பில்லுக்கு முன் ஒருமுறை, எடுக்கும் நாளில் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் காரைச் சுற்றிப் பாருங்கள். டீலர் தரும் விற்பனைச் சான்றான ஃபாரம் 21-இல் தயாரிப்பு மாதமும் வருஷமும் இருக்கும். விற்கப் போகும்போது எல்லாரும் பார்ப்பது ஆர்சியில் ஏறும் அந்த வருஷத்தைத்தான்; ஒரு மாதப் பழைய காரும் அன்று ஒரு வருஷப் பழசாகிவிடும்.

தொழில் கணக்கில் வாங்குபவருக்கு இன்னொரு கோணம் இருக்கிறது. இந்த வகைக் காருக்குக் கட்டிய ஜிஎஸ்டியைச் சாதாரணத் தொழில் செய்பவர் உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது. தேய்மானம் எடுக்கலாம், வருஷத்துக்கு 15 சதவீதம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். அக்டோபர் தொடக்கம் தாண்டிவிட்டால் 7.5 சதவீதம். ரோடு டாக்ஸும் சேர்ந்த 84 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 12.6 லட்சத்துக்குப் பதில் 6.3 லட்சம். மிச்சம் தொலைந்துவிடாது, அடுத்தடுத்த வருஷங்களுக்குத் தள்ளிப்போகும். இருந்தாலும் முதல் வருஷ வரியில் கை கடிக்கும்.

அதனால் என் ஓட்டு ஆடி மாதத்துக்கு. தமிழ்நாட்டு ஷோரூம்களில் ஆடி மாதம் ஈ ஓட்டுகிற காலம். அந்த மாதக் கடைசியில் போய் உட்கார்ந்து பேசி, முன்பணம் கட்டி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பில்லும் டெலிவரியும் என்று முடித்தால் பெரியவர்களுக்கும் குறை இல்லை, தேய்மானமும் முழுசாக வரும், காரும் நடப்பு வருஷத் தயாரிப்பாக இருக்கும். டிசம்பர்த் தள்ளுபடி தொகையில் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அதில் ஒரு பங்கு, விற்கும்போது குறையப்போகும் நம் பணம்தான்.

டெமோ கார், கம்பெனி சான்றிதழ் பெற்ற பழைய கார், புதுச்சேரி நம்பர்

புதுச்சேரி நம்பரை முதலில் தள்ளிவிடுகிறேன். அங்கே வரி குறைவு என்பது உண்மை. ஆனால் அங்கே வசிக்கும் முகவரி வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும், வரியும் கட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம் தயார் செய்து தருகிறேன் என்று வரும் புரோக்கருக்குப் பதில் சொல்லக்கூட நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

டெமோ கார் யோசிக்கத் தக்கது. டீலர் பெயரில் பதிவான கார் என்பதால் நாம் இரண்டாம் உரிமையாளர். வாரண்டியும் முதல் பதிவு நாளிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும். ஆனால் ரோடு டாக்ஸ் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. இங்கே டீலர் "எக்ஸ்-ஷோரூமில் பத்து லட்சம் குறைச்சிருக்கோம்" என்பார். ஒப்பிட வேண்டியது ரோடு டாக்ஸும் சேர்ந்த ஆன்-ரோடு விலையோடு. புதுசுக்கு 84 லட்சத்துக்கு மேல் ஆகும் காரின் டெமோவை 74-க்குக் கேட்டால் அது பத்து லட்சச் சலுகைதான். 60-க்கு அருகே வந்தால் பேசலாம்.

கம்பெனிகளே சோதித்து வாரண்டியோடு விற்கும் இரண்டு, மூன்று வருஷப் பழைய செடான்கள்தான் கணக்குப்படி பார்த்தால் ஜெயிக்கின்றன. ரோடு டாக்ஸ் 20 சதவீதமாக ஏறியது இதற்கு இன்னும் வலு சேர்த்துவிட்டது: முதல் ஆள் கட்டிய வாழ்நாள் வரி காரோடு நமக்கு வருகிறது, விற்பவருக்கு அதில் பெரும் பங்கு திரும்புவதில்லை. டிஎன் பதிவாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். டில்லியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மலிவாக வரும் காருக்கு அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி (தடையின்மைச் சான்று) வாங்கி, இங்கே வயதுக்கேற்ற வரியும் கட்டினால் மலிவு மறைந்துவிடும். சர்வீஸ் புத்தகத்தைக் கம்பெனி சர்வரில் சரிபார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று மீட்டர் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

நானாக இருந்தால்

கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ புதுசாகத்தான் வேண்டும், பேச நேரம் இல்லை, வெளிநாட்டிலிருந்து பிள்ளை போனிலேயே முடிக்கப் போகிறது என்றால் ஒரே விலை மெர்சிடிஸ். பழைய காரை மட்டும் வெளியே விற்றுவிட்டுப் போங்கள். இன்சூரன்ஸையும் வெளியே எடுங்கள். அங்கே மிச்சம் பிடிக்க அந்த இரண்டு இடம் போதும்.

கலர் எதுவானாலும் பரவாயில்லை, ஆடி மாதம் வரை பொறுக்க முடியும், இரண்டு ஷோரூமில் காபி குடிக்கப் பொறுமை உண்டு என்றால் பிஎம்டபிள்யூ அல்லது ஆடி டீலர். கேட்பது மூன்றே: பில்லில் இறக்கம், சர்வீஸ் பேக்கேஜ், காரைக்குடி வரை பிக்-அப். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில மாடல்களில் ரன்-ஃபிளாட் டயர்தான், ஸ்டெப்னி கிடையாது. திருப்பத்தூர் சாலையில் ராத்திரி பஞ்சரானால் மெதுவாக ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம், ஆனால் அந்த டயர் நம் ஊரில் கிடைக்காது.

வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வீட்டுக்கு, மூன்று வருஷப் பழைய டிஎன் நம்பர் கார். என் பங்காளி அதைத்தான் எடுக்கப் போகிறார். ஆச்சிக்கு மட்டும் இன்னும் சம்மதமில்லை, முதல் உரிமையாளர் யார், எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.